ஊக்க பானமும் பள்ளிப் பிள்ளையும்



ஊக்க பானங்களைச் சிறுவரும் பதின்பருவத்தினரும் அருந்தலாமா என்பது இன்று பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி. எனர்ஜி டிரிங்க் என்று பிள்ளைகள் வழங்குவது இவற்றையே. விடை கூறுதற்கு உரியவர் மருத்துவர் அன்றோ, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் எண்ணலாம். நான் வரலாறு கற்பித்தவன். இக்கேள்விக்கு நூறாண்டைக் கடந்த ஒரு வரலாறு உண்டு. இன்று புதிது போல் தோன்றும் இவ்வழக்கு ஒரு முறை நீதிமன்றத்திற்கே சென்று வந்திருக்கிறது. அங்கிருந்து தொடங்குகிறேன்.

1909-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், அமெரிக்க நாட்டின் டென்னசி மாநிலத்தில் உள்ள சட்டனூகா என்னும் நகரில், கோக்கோகோலா பானத்திற்குரிய பாகு நிரம்பிய நாற்பது பெரிய பீப்பாய்களையும் இருபது சிறிய பீப்பாய்களையும் அந்நாட்டு அரசினர் கைப்பற்றினர். வழக்கின் பெயரே வேடிக்கையானது. எதிர்த் தரப்பில் மனிதர் பெயர் இல்லை. அமெரிக்க அரசு ஒரு பக்கம், நாற்பது பீப்பாய்களும் இருபது பீப்பாய்களும் மறுபக்கம். 1906-இல் இயற்றப்பட்ட தூய உணவுச் சட்டத்தின்படி இவ்வழக்குத் தொடரப்பட்டது. அதற்கு மூலகாரணர் அரசின் வேதியியல் துறைத் தலைவராயிருந்த ஹார்வி வைலி. பானத்தில் காபீன் என்னும் பொருள் சேர்க்கப்பட்டுள்ளது, அது தீங்கு பயப்பது என்பது குற்றச்சாட்டு.

காபீன் இன்னதென்று முன்னர்ச் சொல்லிவிடுதல் நலம். காபிக் கொட்டையிலும் தேயிலையிலும் இயற்கையாகவே அமைந்துள்ள பொருள் அது. 1819-இல் ரூங்கே என்னும் ஜெர்மானிய அறிஞர் அதனைக் காபிக் கொட்டையிலிருந்து பிரித்தெடுத்தார். கொட்டையை அவர் கையில் கொடுத்து ஆராயும்படி தூண்டியவர் மகாகவி கதே என்பது மாணவர்க்குச் சொல்லி மகிழத்தக்க செய்தி. நாம் விழித்திருக்கும் நேரம் ஏற ஏற மூளையில் அடினோசின் என்னும் பொருள் திரளுகின்றது. அது தனக்குரிய இடங்களிற் சென்று பொருந்துவதால் உறக்கம் வருகின்றது. காபீன் முந்திக்கொண்டு அவ்விடங்களில் அமர்ந்துவிடுகின்றது. ஆதலின் களைப்புத் தீர்வதில்லை. களைப்பு என்னும் செய்தி மட்டும் தடைபடுகின்றது. தபால்காரரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டால் கடிதம் இல்லையென்று ஆகிவிடுமா? வளர்ந்தவர் உடலில் உட்கொண்ட காபீனிற் பாதி கழிவதற்கே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகின்றது. மாலை ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி, இரவு பதினொரு மணிக்கும் உடலிலேயே இருக்கும்.

இனி வழக்கிற்கு வருவோம். வைலியின் கவலை பெரிதும் பிள்ளைகளைப் பற்றியது. தம் மக்களுக்குக் காபியும் தேநீரும் தர மறுக்கும் பெற்றோர்கூட, கடைத்தெருவில் அவர்கள் பருகும் இனிப்புப் பானத்தில் அதே பொருள் இருப்பதை அறியார் என்பது அவர் வாதம். அக்காலத்தில் அப்பானத்தின் ஒரு குவளையில் ஏறத்தாழ 80 மில்லிகிராம் காபீன் இருந்தது. இந்த எண்ணை நேயர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறேன். மீண்டும் இதனைச் சந்திப்போம்.

1911 மார்ச்சுத் திங்களில் விசாரணை நடந்தது. நிறுவனத்தார் தம் பக்கச் சான்றுக்காகக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஹாலிங்வொர்த் என்னும் இளம் உளவியலறிஞரை அமர்த்தியிருந்தனர். அவர் நேர்மையாளர். முடிவு எதுவாயினும் வெளியிடுவேன், விளம்பரத்திற்கு அதனைப் பயன்படுத்தலாகாது என்று நிபந்தனை விதித்த பின்னரே பணியை ஏற்றார். அவருடைய மனைவி லீட்டாவும் உடனிருந்து நடத்த, பதினாறு பேரைக் கொண்டு நாற்பது நாள் சோதனை நடந்தது. எழுதும் வேகம், எண்ணிக் கூட்டும் திறன், கை நடுக்கம், உறக்கம் யாவும் அளக்கப்பட்டன. மிதமான அளவு காபீன் அறிவுத் தொழிலுக்குக் கேடு செய்யவில்லை. அளவு மிகுந்தபோது சிலருக்கு உறக்கம் கெட்டது. இன்றும் அறிஞர் மதிக்கும் ஆராய்ச்சி அது. ஆயின், அப்பதினாறு பேரும் வளர்ந்தவர்கள்!

கவலை பிள்ளைகளைப் பற்றியது. சோதனை பெரியவர்களைப் பற்றியது. ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்குப் பாடநூல் பொருந்துமா என்பதை அறியப் பட்டதாரியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாமா? ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் முதல் ஆண்டிலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த செய்தி இது. ஹாலிங்வொர்த்தைக் குறை கூறுதற்கில்லை. பிள்ளைகளை அத்தகைய சோதனைக்கு உட்படுத்த எந்த நல்லாசிரியன் உடன்படுவான்? அந்தத் தயக்கம் இன்றளவும் நியாயமானதே. அதனாலேயே சிறுவரைப் பற்றிய சான்று என்றும் குறைவாகவே இருந்து வருகின்றது. சான்று குறைவாக இருப்பதைத் தீங்கு இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளும் வழக்கமும் அன்று முதல் இருந்து வருகின்றது.

வழக்கு என்ன ஆயிற்று? காபீன் அப்பானத்தின் இயல்பான கூறு, ‘சேர்க்கப்பட்ட’ பொருள் அன்று என்று நீதிபதி நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். 1916-இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அதனை மாற்றி மறு விசாரணைக்கு அனுப்பியது. நிறுவனம் அடுத்த ஆண்டு உடன்பாட்டிற்கு வந்து, காபீன் அளவைப் பாதியாகக் குறைத்துக்கொண்டது. வைலி அதற்கு முன்பே பதவியை விட்டு விலகியிருந்தார்.

இனி நாம் கிழக்கு நாடுகளுக்குச் செல்ல வேண்டும். இன்றைய ஊக்க பானம் பிறந்த இடம் அதுவே. 1962-இல் ஜப்பானில் தைஷோ என்னும் மருந்து நிறுவனம் லிப்போவிட்டான்-டி என்ற பெயரில் 100 மில்லிலிட்டர் கொண்ட சிறு பழுப்பு நிறப் புட்டியை விற்பனைக்கு அனுப்பியது. காபீனும் வைட்டமின்களும் டாரின் என்னும் பொருளும் அதில் இருந்தன. டாரின் 1827-இல் எருதின் பித்தநீரிலிருந்து முதன்முதற் பிரிக்கப்பட்டது. இலத்தீன் மொழியில் எருதைக் குறிக்கும் சொல்லே அப்பெயருக்கு வேர். இப்பொழுது அதனைத் தொழிற்சாலையிற் செய்கின்றனர். எருதுக்கும் அதற்கும் இன்று தொடர்பில்லை. இப்புட்டி மருந்துக் கடையில் விற்றது. வாங்கியவர் நெடுநேரம் உழைத்துக் களைத்த தொழிலாளரும் அலுவலரும் ஆவர்.

தாய்லாந்தில் சலியோ யூவித்யா என்னும் மருந்து வணிகர் 1970-களில் இத்தகைய பானம் ஒன்றைச் செய்து, சிவப்புக் காட்டெருமை என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டார். இரவெல்லாம் சரக்கு வண்டி ஓட்டுவோரும் கூலித் தொழிலாளரும் அதனைப் பருகினர். 1982-இல் அங்குச் சென்ற ஆஸ்திரிய நாட்டு விற்பனையாளர் டீட்ரிக் மாட்டெஷிட்ஸ் அதனை அருந்திப் பார்த்தார். அவரும் சலியோவும் கூட்டுச் சேர்ந்தனர். 1987-இல் ரெட்புல் என்ற பெயரோடு, வாயு ஏற்றப்பெற்று, மெல்லிய வெள்ளிநிற டப்பாவில் அது ஆஸ்திரியாவில் வெளிவந்தது.

அந்த 250 மில்லிலிட்டர் டப்பாவில் உள்ள காபீன் எவ்வளவு தெரியுமா? 80 மில்லிகிராம்! வழக்காடிப் பாதியாகக் குறைத்த அதே அளவு, எழுபது ஆண்டுகள் கழித்து வேறொரு பெயரோடு திரும்பி வந்துவிட்டது.

சரக்கு வண்டி ஓட்டுநரின் பானம் பள்ளிப் பிள்ளையின் கைக்கு வந்த வழி விளம்பரத்தின் வழி. மோட்டார்ப் பந்தயமும், பனிச்சறுக்கும், இசை விழாவும் அதற்குத் துணை நின்றன. இளைஞரின் வீரத்திற்கு இது அடையாளம் என்று காட்டினால், இளைஞராக விரும்பும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் வாங்காமல் இருப்பானா? அவனை நோக்கித் தனியே ஒரு சொல்லும் சொல்லவேண்டியதில்லை. 2013-இல் அமெரிக்க மேலவையின் குழுவொன்று நிறுவனத்தாரை அழைத்து இதுபற்றியே கேள்வி கேட்டது.

தீமையை மிகைப்படுத்திச் சொல்லுதலும் எனக்கு உடன்பாடன்று. நல்ல உடல்நலமுள்ள பதினேழு வயது இளைஞன் ஒரு டப்பா குடித்தான் என்றால் அவன் மயங்கி விழப்போவதில்லை. இல்லாத அச்சத்தைக் காட்டினால் பிள்ளைகள் அடுத்து நாம் சொல்லும் மெய்யையும் நம்பமாட்டார்கள். கணக்கைக் காட்டினால் நம்புவார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு நிறுவனத்தின் அறிஞர்கள் 2015-இல் ஓர் அளவு கூறினர்: சிறுவர்க்கும் பதின்பருவத்தினர்க்கும் உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு 3 மில்லிகிராம் காபீன் வரை கவலைக்கு இடமில்லை. ஐந்தாம் ஆறாம் வகுப்பிற் படிக்கும் 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 90 மில்லிகிராம். ஒரு சிறு டப்பாவே 80 ஆகிவிடுகிறது. காலையில் வீட்டில் குடித்த காபியும், இடையில் தின்ற சாக்லெட்டும் எஞ்சிய பத்தைத் தாண்டிவிடும். 50 கிலோ எடையுள்ள பதினைந்து வயது மாணவனுக்கு 150. இதே செறிவுள்ள அரை லிட்டர் டப்பா ஒன்றில் 160. சர்க்கரைக் கணக்கு வேறு: 250 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 27 கிராம்.

வரம்பு மீறினால் நெஞ்சு படபடத்தலும், கை நடுக்கமும், அமைதியின்மையும், தலைநோவும் வரும். இதய நோய் உள்ளே மறைந்திருக்கும் பிள்ளைக்கு ஆபத்து மிகுதி; அப்பிள்ளை யார் என்பது பெற்றோர்க்கே தெரியாமல் இருத்தல் கூடும். அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் ஊக்க பானம் தொடர்பாக வந்தோர் 2007-இல் 10,068 பேர் என்றும், 2011-இல் 20,783 பேர் என்றும் அந்நாட்டு அரசின் கணக்கு மதிப்பிட்டது. அவர்களிற் பெரும்பாலோர் வயது வந்தோர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தை மருத்துவர்களின் அமெரிக்கக் கழகம் 2011-இல் தெளிவாகவே கூறிவிட்டது: சிறுவர் உணவிலும் பதின்பருவத்தினர் உணவிலும் இப்பானத்திற்கு இடமில்லை. விளையாட்டு வீரர்க்கென விற்கும் உப்பும் சர்க்கரையும் கலந்த பானம் வேறு, இது வேறு என்பதையும் அக்கழகம் பிரித்துக் காட்டியது. நம் பெற்றோர் பலர் இரண்டையும் ஒன்றென்றே எண்ணுகின்றனர்.

சட்டங்களும் வந்தன. பிரான்சு நாடு 2008 வரை ரெட்புல்லை உள்ளே விடாமல் தடுத்து வைத்திருந்தது. லித்துவேனியா 2014-இலும், லாத்வியா 2016-இலும், போலந்து 2024-இலும் பதினெட்டு வயது நிரம்பாதார்க்கு விற்கலாகாது என்று விதித்தன.

நம் தமிழகத்தில் காபி பரவிய காலத்தில் நடந்ததும் நினைவு கூரத்தக்கது. நூறாண்டுக்கு முன் நீராகாரத்தின் இடத்தைக் காபி கைப்பற்றியபோது, உடலும் குடும்பமும் கெடும் என்று பத்திரிகைகளில் எழுதியோர் பலர். அவர்கள் அஞ்சிய அளவு கேடு விளையவில்லை என்று சிலர் இன்று நகைக்கின்றனர். ஊக்க பானத்தின் கதையும் அவ்வாறே முடியும் என்பது அவர்கள் எண்ணம். நான் உடன்படேன். நம் வீடுகளிற் குழந்தை காபி கேட்டு அழுதால், தாய் பால் நிறைந்த தம்ளரில் டிகாக்‌ஷனைச் சில சொட்டு விட்டு, நிறம் மாறியதும் நிறுத்திவிடுவாள். அளவு அவள் கையில் இருந்தது. டப்பாவில் அளவை வைப்பவர் ஆலை முதலாளி, திறப்பவன் சிறுவன், இடையில் தாயின் கை இல்லை. காபி சூடாகவும் கசப்பாகவும் இருப்பதனால் பிள்ளை வேகமாகக் குடிக்க மாட்டான். இதுவோ குளிர்ந்தது, இனிப்பது, ஒரே மூச்சில் இறங்குவது.

தேர்வுக் காலத்தில் இதன் தீமையைக் கண்ணாற் கண்டவன் நான். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் தேர்வுக்கு முந்திய இரவு இப்பானத்தின் துணையோடு விழித்துப் படித்தான். மறுநாள் கணக்குத் தாளின் முதல் இரண்டு விடைகளை அழகாக எழுதியவன், மூன்றாவதில் கூட்டலைத் தப்பாகப் போட்டு, அதனையே மும்முறை அடித்து எழுதியிருந்தான். முன்னாள் படித்ததை மூளை பதித்து வைக்கும் நேரம் உறக்க நேரம் என்று அறிஞர் கூறுகின்றனர். அவன் படித்தான், பதித்துக்கொள்ள நேரம் கொடுக்கவில்லை.

இந்தியாவில், முன்பு செல்வர் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் வாங்கும் விலையில் இருந்த இப்பானங்கள், 2017-க்குப் பின் 20 ரூபாய்ப் புட்டியில் பெட்டிக்கடைக்கு வந்தன. அதற்கு முந்திய ஆண்டே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி செய்திருந்தது: லிட்டருக்கு 145 மில்லிகிராமும் அதற்கு மேலும் காபீன் உள்ள பானத்தில், சிறுவர்க்கும் கருவுற்ற தாய்மார்க்கும் பாலூட்டும் தாய்மார்க்கும் இது ஏற்றதன்று என்றும், நாளொன்றுக்கு 500 மில்லிலிட்டருக்கு மேல் அருந்தலாகாது என்றும் அச்சிட வேண்டும். நல்ல விதி. ஆயின் உணவுப் பொருளின் மேல் அச்சிட வேண்டியவை ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாற் போதும். பிற மொழி விருப்பத்தைப் பொறுத்தது.

சென்ற திங்களில் எங்கள் தெருக்கடையில் ஒரு புட்டியை வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவ்வரியைத் தேடினேன். பின்புறத்தில் எறும்பு ஊர்ந்தாற் போன்ற ஆங்கில எழுத்தில் இருந்தது.

“என்ன சார், தேதி பார்க்கிறீங்களா? புதுச் சரக்குதான்” என்றார் கடைக்காரர்.

“தேதி இல்லை, தம்பி” என்று சொல்லி, அவ்வரியைத் தமிழிற் சொன்னேன். அவர் புட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு ஆண்டுகளாக விற்று வருபவர். அப்படி ஒரு வரி இருப்பது அவருக்குத் தெரியாது. “இதை ஒரு அட்டையிலே தமிழில் எழுதிக் குடுங்க சார்” என்று அவரே கேட்டார். எழுதிக் கொடுத்தேன். குளிர்பெட்டியின் கதவில், குழந்தைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில், அதனை அவர் ஒட்டி வைத்திருக்கிறார். விற்பனை குறைந்ததா என்று நான் இன்னும் கேட்கவில்லை.