சட்டம் மறக்கும், நாம் மறப்போமா?



பிழை செய்த சிறுவனும் கொடுங்குற்றவாளியும் ஒரே சிறையில் அடைக்கப்பட்ட காலம் ஒன்றிருந்தது. 1919இல் அலெக்சாண்டர் கார்டியூ தலைமையில் அமைந்த இந்தியச் சிறைக்குழு, சிறுவனின் குற்றத்தில் அவன் வளர்ந்த சூழலுக்கே பெரும்பங்கு உண்டென்று கண்டது. 1920இல் பிறந்த சென்னைச் சிறார் சட்டம், இந்தியாவில் இவ்வகையில் முதலாவது. சிறாருக்குத் தனி நீதிமன்றமும் தனிப் பள்ளியும் வேண்டுமென்றது. இன்றும் தமிழகத்தில் சிறைச்சாலைகளை ஒரு துறையும் சிறார் இல்லங்களை வேறொரு துறையும் நடத்துகின்றன.

ஆயினும் சட்டம் எழுதப்பட்டதனால் மட்டும் பிள்ளைகள் காக்கப்படுவதில்லை. செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த 17 வயதுச் சிறுவன் 2022 டிசம்பர் 31 அன்று மாண்டான். அவனைத் தாக்கியதாக இல்லத்துப் பணியாளர்களே கைதாயினர். அதன்பின் அரசு நியமித்த ஒருநபர் குழுவாக நீதியரசர் சந்துரு இவ்வில்லங்களின் நிலையை ஆராய்ந்தார்.

இன்னொன்றையும் அறியுங்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 24ஆம் பிரிவில், சிறுவயதுக் குற்றம் பிற்காலத்தில் அவன் தகுதியைக் கெடுக்கலாகாது என்கிறது. பெரும்பாலான வழக்குகளில் அப்பதிவும் அழிக்கப்பட வேண்டும்.

ஏட்டிலுள்ள பதிவை அரசு அழிக்கலாம். ஊரார் நாவிலுள்ள 'திருடன்' என்னும் பெயரை யார் அழிப்பார்? நம் தளிக்கு அத்தகைய பிள்ளை ஒருவன் திரும்பி வந்தால், ஓசூரில் அவனுக்கொரு வேலை தேடிக்கொடுக்கவும், ஆலயத்தில் நம் அருகே அமர்த்திக்கொள்ளவும் ஆயத்தமாயிருப்போமா? காவலிலிருப்போரை விசாரிப்பதைத் தமக்கே செய்ததாக எண்ணும் ஆண்டவர், அவனைக் குறித்தும் நம்மிடம் கணக்குக் கேட்பார்.