வாளையாற்றுக்கு இருபுறமும்: நெருக்கடி நிலைக் காலத்தில் ஓர் எல்லைப்புறம்

நம் சங்கத்தின் பொங்கல் விழா ஒன்றில், சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர் சொன்னார்: "என்ன சொல்லுங்க, நம்ம ஊருக்கெல்லாம் எமர்ஜென்சி மாதிரி ஒண்ணு வந்தாத்தான் சரிப்படும். அப்ப ரயில் நேரத்துக்கு வந்துச்சு, ஆபீசுல ஆள் இருந்தான்." சுற்றியிருந்த நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். நண்பர் அந்தக் காலத்தைப் பார்த்தவரல்லர். நான் பார்த்தவன். இருந்தும் ஒன்றும் சொல்லாமல் பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அன்று விழுங்கியதைத்தான் இந்த மலரில் எழுதுகிறேன்.

நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், வேளந்தாவளத்துக்குப் பக்கத்தில் பிறந்தவன். வீட்டில் கொங்குத் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சந்தைக்குப் போனால் இரண்டும். 1956 வரை பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்திலும், எங்கள் சித்தூர் கொச்சிச் சீமையிலும் இருந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி எல்லாம் கேரளமாயிற்று. கோடு மாறியதே தவிர எங்கள் பிழைப்பு மாறவில்லை. சாமான் வாங்கவும், சினிமா பார்க்கவும், பெண் எடுக்கவும் கோயம்புத்தூர், பொள்ளாச்சிதான்.

என் தாய்மாமா இடுக்கி மாவட்டம் வண்டன்மேட்டில் ஏலத்தோட்டக் கணக்குப்பிள்ளை. பள்ளிக்கூட லீவுக்கு அவர் வீட்டுக்குப் போவோம். பொள்ளாச்சி, உடுமலை, பழநி, தேனி, கம்பம், குமுளி என்று பஸ் மாறி மாறிப் போக வேண்டும். கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக எங்களுக்குத் தமிழ்நாட்டைத் தாண்ட வேண்டியிருந்தது. இந்தப் பயணம் 1975-இல் வேறு பொருள் கொண்டது என்பது பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது.

ஒரே மலைத்தொடர், இரண்டு ஆட்சிகள்

1975 ஜூன் 25 இரவு, பிரதமர் இந்திரா காந்தியின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலையை அறிவித்தார். இரண்டே நாளில், ஜூன் 27-ஆம் தேதி, அரசியல் சட்டத்தின் 14, 21, 22 ஆகிய பிரிவுகளின்கீழ் நீதிமன்றம் செல்லும் உரிமை நிறுத்தப்பட்டது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. இவை நாடு முழுமைக்கும் பொதுவானவை.

ஆனால் கைது செய்யும் காவல்துறை மாநில அரசின் கையில் இருந்தது. கேரளத்தில் முதலமைச்சர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சி. அச்சுத மேனன், உள்துறை அமைச்சர் காங்கிரஸின் கே. கருணாகரன். இந்தக் கூட்டணி நெருக்கடி நிலையை முழுமனத்தோடு நடைமுறைப்படுத்தியது. 1970-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றத்தின் ஆயுள் முடிந்த பின்பும், தேர்தல் நடத்தாமல் அதை மூன்று முறை நீட்டித்தார்கள். வாளையாற்றுக்குக் கிழக்கே கலைஞர் மு. கருணாநிதியின் தி.மு.க. ஆட்சி. அக்கட்சியின் செயற்குழு ஜூன் 27 அன்றே நெருக்கடி நிலையைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. பிற மாநிலங்களில் தேடப்பட்ட எதிர்க்கட்சிக்காரர்கள் பலர் தமிழ்நாட்டில் வந்து தங்கினார்கள்.

ஆக, எங்கள் ஊர்ப் பாலத்தின் இந்தப் பக்கம் பேசினால் உள்ளே. அந்தப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்து பேசலாம். லீவுக்கு மாமா வீட்டுக்குப் போகும்போது, பெரியவர்கள் பொள்ளாச்சி தாண்டியதும் குரலை உயர்த்துவார்கள். குமுளி ஏறும்போது தாழ்த்துவார்கள். சிறுவனான நான் அதை மலைக்காற்றின் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்!

ஷா விசாரணைக் குழு பின்னாளில் திரட்டிய கணக்கு இதை எண்களில் காட்டுகிறது. இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் கைதானவர்கள் கேரளத்தில் 7,134 பேர். அதைவிட மக்கள்தொகை கூடிய தமிழ்நாட்டில் 1,644 பேர். மிசா சட்டத்தில் கேரளத்தில் 790 பேர். தமிழ்நாட்டில் 1,027 பேர். மிசா எண்ணிக்கையில் தமிழ்நாடு கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1976 ஜனவரி 31-ஆம் தேதி தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. அதன்பிறகு சிறைக் கதவுகள் அங்கேயும் திறந்துகொண்டன. சென்னைச் சிறையில் அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தது இம்மலரின் வாசகர்கள் பலரும் அறிந்த செய்தி.

கலைப்பு நடந்து இரண்டு வாரம் ஆகவில்லை. 1976 பிப்ரவரி 12 அன்று இந்திரா காந்தி இடுக்கிக்கு வந்து, பெரியாற்றின் குறுக்கே கட்டிய மாபெரும் அணையின் மின்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மாமா வேலை பார்த்த தோட்டத்திலிருந்தும் ஆட்கள் பார்க்கப் போனார்களாம். அணை உண்மை, மின்சாரமும் உண்மை. மலைக்கு அந்தப்பக்கம் ஓர் அரசு கலைக்கப்பட்டதும் அதே அளவு உண்மை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறக்கச் சொல்வதுதான் இப்படிப்பட்ட ஆட்சிகளின் வழக்கம்.

பொட்டலக் காகிதம்

அப்பாவுக்குச் சின்னப் பலசரக்குக் கடை. நெருக்கடி நிலையில் கடைக்காரர்கள் விலைப்பட்டியலும் இருப்புப் பட்டியலும் எழுதி மாட்ட வேண்டும். அந்தக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுவது என் வேலை. பதுக்கல் குறைந்தது என்று சனங்கள் சந்தோஷப்பட்டார்கள், அப்பாவும்தான். அவர் நெருக்கடி நிலையை எதிர்த்தவரல்லர். கேரள அரசுப் பேருந்துகளில் "நாவடக்கூ, பணியெடுக்கூ" என்று எழுதியிருக்கும். நாக்கை அடக்கு, வேலையைப் பார் என்று அர்த்தம். "நல்லதுதானே கண்ணு" என்பார் அப்பா.

பொட்டலம் மடிக்கக் கோயம்புத்தூரிலிருந்து பழைய தமிழ்ப் பத்திரிகைகளை எடைக்கு வாங்கி வருவார். தமிழ்நாட்டில் ஆட்சி கலைந்த சில நாளில், கடைக்கு வழக்கமாக வரும் ஏட்டு ஒருவர் பருப்புப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே, "இதிலே யார் படம் இருக்குன்னு பாத்துத்தான் மடிக்கிறீங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான். மிரட்டவில்லை, வழக்குப் போடவில்லை. அன்று ராத்திரி அப்பா காகிதக் கட்டு முழுவதையும் வென்னீர் அடுப்பில் வைத்து எரித்தார். அடுத்த வாரம் முழுக்க என் பள்ளிக்கூட நோட்டுகளைக் கிழித்துத்தான் பொட்டலம்.

அந்தக் காகிதத்தை வைத்திருக்கக் கூடாது என்று எந்த ஆணையும் எங்கள் கடைக்கு வரவில்லை. ஒரு கேள்விதான் வந்தது. மீதியை அப்பாவே செய்துகொண்டார். சுதந்திரம் எப்படிப் போகும் என்று யாராவது கேட்டால், எனக்கு அந்த அடுப்புதான் ஞாபகம் வருகிறது.

எங்கள் மண்ணின் எழுத்தாளர் ஓ.வி. விஜயனுக்கும் இதே காலத்தில்தான் சோதனை. பாலக்காட்டுத் தஸ்ராக்கைக் 'கசாக்' ஆக்கி அழியாப் புகழ் கொடுத்தவர் அவர். அதிகார வெறியைக் கிழிக்கும் 'தர்மபுராணம்' நாவல் 1975-இல் தொடராக வெளிவரவிருந்தது. நெருக்கடி நிலை வந்ததால் நின்றது. 1977-க்குப் பிறகுதான் வாசகர் கைக்கு வந்தது.

மூன்று முறை உள்ளே போனவர்

எங்கள் பாலக்காட்டுக்கு அன்றைய நாடாளுமன்ற உறுப்பினர் ஏ.கே. கோபாலன். எல்லோருக்கும் ஏ.கே.ஜி. இடுக்கி மலைக்காரர்களுக்கும் அவர் வேண்டியவர். 1961-இல் அணைத் திட்டத்துக்காக அய்யப்பன்கோவிலிலிருந்து விரட்டப்பட்ட குடியானவர்களை மழைக்காலத்தில் குமுளிக்கு அருகே அமராவதியில் கொண்டுவந்து தள்ளியபோது, அங்கேயே உட்கார்ந்து உண்ணாவிரதம் இருந்தவர்.

அவருடைய வாழ்க்கை நம் நாட்டின் தனிமனித உரிமையின் வரலாறு போலவே இருக்கிறது. 1947-இல் நாடு விடுதலை பெற்ற நாளில் அவர் சிறையில் இருந்தார். அதே ஆண்டு இறுதியில் மீண்டும் பிடிபட்டார். சென்னை மாகாணத்துச் சிறையில் இருந்தபடியே, விசாரணையில்லாமல் அடைத்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். 1950 மே 19-இல் வந்த தீர்ப்பு அவருக்கு எதிரானது. சட்டம் என்று ஒன்று எழுதப்பட்டிருந்தால் போதும், அது நியாயமா என்று கேட்க முடியாது என்பதே பெரும்பான்மையின் சாரம். நீதிபதி பஸ்ல் அலி மாறுபட்டார்.

1975 ஜூலையில் மூன்றாவது முறையாக உரிமை அற்றவராக நின்றார் ஏ.கே.ஜி. கைதாகி விடுதலையான கையோடு, ஜூலை 21-ஆம் தேதி மக்களவையில் எழுந்து நெருக்கடி நிலையைக் கண்டித்துப் பேசினார். எங்களுக்காக எங்கள் உறுப்பினர் பேசிய பேச்சு; ஆனால் தணிக்கையால் அது எங்களூர்ப் பத்திரிகைக்கு வந்து சேரவில்லை.

1976 ஏப்ரல் 28-இல் வந்த ஜபல்பூர் வழக்குத் தீர்ப்பு, 1950-ஐவிட ஒரு படி கீழே இறங்கியது. நெருக்கடி நிலையில் அடைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் சொன்னார்கள். எதிர்த்து நின்றவர் எச்.ஆர். கன்னா ஒருவரே. அந்தத் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகத் தள்ள 2017 ஆகஸ்ட் 24 வரை, நாற்பத்தொரு ஆண்டுகள் ஆயின.

கோயம்புத்தூரில் ஒரு வழக்கு

இம்மலரைப் படிப்பவர்களில் பலர் ஆர்.இ.சி. போன்ற கல்லூரிகளில் பொறியியல் படித்து வந்தவர்கள். அவர்களுக்காகவே இதைச் சொல்ல வேண்டும். கோழிக்கோடு ஆர்.இ.சி.யின் மாணவர் பி. ராஜன். 1976 மார்ச் 1 விடியற்காலை போலீஸ் அவரை விடுதியிலிருந்து அழைத்துப் போனது. காயண்ணா காவல் நிலையத்தை நக்சல்கள் தாக்கியதை ஒட்டிய தேடல் அது. கக்கயம் முகாமுக்குக் கொண்டு போனார்கள். திரும்பவில்லை.

தந்தை டி.வி. ஈச்சர வாரியர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். ஓராண்டுக் காலம் அமைச்சர்கள், அதிகாரிகள் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டினார். நெருக்கடி நிலை 1977 மார்ச் 21-இல் விலக்கப்பட்ட பிறகே கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட முடிந்தது. அப்போது முதலமைச்சராகிவிட்ட கருணாகரன், அப்படியொரு மாணவரைக் கைது செய்யவே இல்லை என்றார். நீதிமன்றம் நம்பவில்லை. ஏப்ரல் முடிவதற்குள் அவர் பதவி விலக நேர்ந்தது. ராஜன் போலீஸ் காவலில் இறந்ததை அரசுத் தரப்பே பின்னர் ஒப்புக்கொண்டது. உடல் மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை.

அதிகாரிகள்மீது தொடர்ந்த குற்ற வழக்கு கேரளத்தில் நடக்கவில்லை. வாளையாற்றைத் தாண்டிக் கோயம்புத்தூர் நீதிமன்றத்துக்கு வந்தது. சிலருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அதுவும் நிலைக்கவில்லை. சாமான் வாங்க நாங்கள் போன ஊருக்கு, ஒரு தகப்பன் நீதி தேடி வர வேண்டியதாயிற்று.

வெளியிலிருந்து பேசியவர்கள்

வெளிநாட்டில் இருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவில் 'இந்தியன்ஸ் ஃபார் டெமாக்ரசி' என்ற அமைப்பினர் 1976-இல் பிலடெல்பியாவின் விடுதலை மணியிலிருந்து நியூயார்க் ஐ.நா. வரை நடந்தே சென்றார்கள். சுப்பிரமணியன் சுவாமி, ராம் ஜெத்மலானி போன்றோர் அயல்நாட்டு மேடைகளில் பேசினார்கள். மறுபக்கம், சோவியத் நாடு நெருக்கடி நிலையை ஆதரித்தது. பிரிட்டனின் தொழிற்கட்சியைச் சேர்ந்த மைக்கேல் ஃபுட் போன்ற ஜனநாயகவாதிகளே இந்திராவுக்குப் பரிந்து பேசினார்கள். ஏழை நாட்டுக்குச் சோறு முதலில், சுதந்திரம் பிறகு என்பது அன்று வெளியே பலரும் சொன்ன வாதம். அன்று பந்தியில் என் நண்பர் சொன்னதும் ஏறக்குறைய அதுவேதான்.

"வெளியே போனவனுக்கு என்ன உரிமை?" என்று ஊரில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாம் பேசுவதால் நமக்கு அடி விழாது. ஊரில் இருக்கும் அண்ணன் தம்பிக்கு விழலாம். ஆனால் புகழ்வதற்கும் இது பொருந்தும். அங்கே அடிபடாமல் இங்கே உட்கார்ந்து "கண்டிப்பு வேணும்" என்பதும் பிறர் முதுகின்மேல் நடத்தும் வாதமே.

1977 மார்ச் தேர்தலில் வட இந்தியா இந்திராவைத் தோற்கடித்தது. கேரளமோ இருபது மக்களவைத் தொகுதிகளையும் ஆளுங்கூட்டணிக்கே கொடுத்தது; சட்டமன்றத்தில் 140-இல் 111. தமிழ்நாட்டிலும் காங்கிரஸ், அ.தி.மு.க. அணியே பெருவெற்றி பெற்றது. தெற்கத்தியர்கள் சர்வாதிகாரத்தை விரும்பினார்கள் என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். நிலச் சீர்திருத்தம், கட்சிப் பிளவு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் தேதிகளைப் பாருங்கள். கேரளம் வாக்களித்து முடித்த பிறகுதான் ராஜன் வழக்கு நீதிமன்றத்துக்கே வந்தது.

அப்பாவும் ஆளுங்கட்சிக்கே ஓட்டுப் போட்டார். ராஜன் செய்தி பத்திரிகையில் வந்த அன்று அதைக் கடையிலேயே இரண்டு தரம் படித்தார். "எங்களுக்கு என்ன கண்ணு தெரியும், பேப்பர்ல ஒண்ணும் வரலியே. இது மின்னாலயே தெரிஞ்சிருந்தா..." என்று தொடங்கி முடிக்காமல் விட்டுவிட்டார். அந்தப் பேப்பரை மட்டும் பொட்டலம் மடிக்கவில்லை.

அவர் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய ஏ.கே.ஜி., நெருக்கடி நிலை விலகிய மறுநாள், மார்ச் 22-இல் காலமானார்.

அச்சுத மேனன் எளிமையும் நேர்மையும் கொண்டவர் என்பதை எதிரிகளும் மறுத்ததில்லை. அவருடைய கட்சியே 1978-இல், பட்டிண்டா மாநாட்டில், நெருக்கடி நிலையை ஆதரித்தது பிழை என்று ஏற்றுக்கொண்டது. தலைமையில் ஒருவர் மட்டும் கொடுங்கோலராக இருந்தால் காரியம் நடக்காது. கீழே நல்லவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். கடைக்காரர்கள் காகிதத்தை எரிக்க வேண்டும். பந்தியில் உட்கார்ந்தவர்கள் பேசாமல் பாயசம் குடிக்க வேண்டும்.

அடுத்த பொங்கலுக்கு அந்த நண்பர் பக்கத்தில்தான் உட்காரப் போகிறேன். ரயில் நேரத்துக்கு வந்தது உண்மைதான் என்று ஒத்துக்கொண்டு, அதன் பிறகு ராஜனைப் பற்றிச் சொல்வேன்.