திரும்பினர் தாயகம், திரும்பியதோ வீடு?

கடல் கடந்து சென்றவன் வீடு திரும்பும் நாள் களிப்பு மிக்கது. வாயிலில் தாய், கைநீட்டி வரும் குழந்தை, பழகிய திண்ணை! ஆனால், பாட்டன் காலத்தில் தொடங்கிய பயணத்தைப் பேரன் முடித்து, தான் கண்டறியாத ஊருக்குத் 'திரும்பிய' விந்தையை எங்கேனும் கேட்டதுண்டா? ஆனைமலைத் தொடரிலே, வால்பாறையின் தேயிலைச் சரிவுகளிலே, அத்தகைய மக்களைக் காணலாம் தோழர்களே!

1820-களில் இலங்கையில் வெள்ளையர் காப்பித் தோட்டம் போட்டனர். திருச்சி, மதுரை, தஞ்சை, சேலம் சீமைகளிலிருந்து ஏழைத் தமிழர் கூட்டங்கூட்டமாகச் சென்றனர். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலே மடிந்தோர் பலர். 1869-இல் இலைநோய் தோன்றிக் காப்பி அழிந்தது. தேயிலை அரியணை ஏறியது. உழைத்த கரங்களோ அதே கரங்கள்!

ஏன் சென்றனர்? தலைவிதி என்பர் வைதிகர். விதியல்ல! உழுதவனுக்கு நிலமில்லை; சேரியில் பிறந்தவனுக்குத் தெருவில் நடக்கும் உரிமையில்லை; 1876-78 பஞ்சமோ உள்ள கஞ்சியையும் பறித்தது. சாதியும் கடனும் துரத்தின, கங்காணி அழைத்துக்கொண்டான். அவன் கையிலிருந்த 'துண்டு' எனும் கடன்சீட்டு, தொழிலாளியைக் கட்டிய கயிறாயிற்று. அம்முறை 1921-இல்தான் ஒழிந்தது. 1890-களில் கார்வர் மார்ஷ் ஆனைமலைக் காட்டை அழித்துத் தேயிலை நட்டபோதும், சமவெளி ஏழைகளே மலையேறினர். மலை வேறு, வறுமை ஒன்றே!

இலங்கை 1948-இல் விடுதலை பெற்றது. அவ்வாண்டே குடியுரிமைச் சட்டம் இயற்றி, மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் எழுந்தது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் பாதிப்பாதியாகப் பிரித்தனர். சந்தையிலே மாட்டைப் பங்கிடுவோர்கூட அதன் பல்லைப் பார்ப்பர்; இங்கே மனிதரின் மனத்தைப் பார்த்தவர் யார்?

தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்தனர். கப்பல் 1984-இல் போர் காரணமாக நின்றது. பாட்டன் ஊரைத் தேடிச் சென்றோரில் பலருக்கு அங்கே நிலமுமில்லை, நெருங்கிய உறவுமில்லை. மறவாமல் காத்திருந்தது சாதி ஒன்றுதான். இலங்கையின் குடிக்கணக்கில் 1911 முதல் 'இந்தியத் தமிழர்' என்று எழுதப்பட்டோர், இங்கே வந்ததும் 'சிலோன்காரர்' ஆயினர்!

அவர்தம் கைத்திறனுக்கு ஏற்ற தொழிலாக, தமிழ்நாடு அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவே பின்னர் 'டான்டீ' கழகமாகி, வால்பாறையிலும் தோட்டம் கொண்டது. நல்ல செயல், நன்றியோடு ஒப்புகிறோம். ஆயினும், லயத்து அறை வேலையோடு கட்டப்பட்டது. முதுகு கூனும் வரை கொழுந்து பறித்தவர், ஓய்வு பெற்றதும் அறையைக் காலி செய்ய வேண்டும்! 2022-இல், நட்டத்தைக் காட்டி, கழக நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித் தர அரசு முடிவு செய்தபோது, அவர்கள் நெஞ்சில் எழுந்த கேள்வி ஒன்றே: "இனி எங்கே திரும்புவது?"

காடு காக்கப்பட வேண்டும், மறுக்கவில்லை. ஆனால், மரத்துக்கு வேர்விட இடமுண்டு என்றால், மனிதனுக்கு அவன் பெயரிலே மனைப்பட்டா ஒன்று வேண்டாமா? தாய்மண் என்பது மேடைச் சொல்லாக நின்றால் போதாது. வெளியேறு என்று எவரும் சொல்ல முடியாத ஒரு கூரையே வீடு. அக்கூரை கிடைக்கும் நாளில்தான் அவர்கள் பயணம் முடியும். அதுவரை, அவர்கள் இன்னும் வழியிலேதான் இருக்கிறார்கள் என்பதை இளைஞர் மறத்தலாகாது.