வீட்டிலேயே காசநோய்ச் சிகிச்சை: சென்னை ஆய்வும் உலகக் கொள்கையும்

காசநோயைக் குணப்படுத்தும் மருந்துகள் பத்தே ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்து வந்தன. ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கண்டறியப்பட்டது, பி.ஏ.எஸ். 1940களின் பிற்பகுதியில் பயன்பாட்டுக்கு வந்தது, ஐசோனியசிட் 1952இல் சேர்ந்துகொண்டது. ஆனாலும் மருத்துவ உலகின் நம்பிக்கை மாறவில்லை. நோயாளி வீட்டைவிட்டு விலகி, நல்ல காற்றோட்டமுள்ள சானடோரியத்தில் படுத்து ஓய்வெடுத்து, சத்தான உணவு உண்டால்தான் குணமாவார் என்பதே அப்போதும் விதியாக இருந்தது. அந்த நம்பிக்கையில் எழுந்தவற்றுள் ஒன்று, டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம். அந்த ஊர்ப்பகுதிக்கும் ரயில் நிலையத்துக்கும் இன்றுவரை அதுவே பெயர்.

இந்த விதி ஏழை நாடுகளைக் கைவிட்டுவிடும் என்பது சிறிய கணக்கிலேயே புலப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1955 முதல் 1958 வரை நடத்திய தேசியக் கணக்கெடுப்பில், ஆயிரம் பேருக்கு 2 முதல் 8 பேர்வரை சளியில் கிருமியோடு வாழ்வது தெரிந்தது. நகரத்திலும் கிராமத்திலும் நிலைமை பெரிதாக வேறுபடவில்லை. நாடு முழுவதும் இருந்த காசநோய்ப் படுக்கைகளோ சில பத்தாயிரங்கள்தான். படுக்கை கட்டி முடியும்வரை காத்திருப்பதென்றால், ஒரு தலைமுறை நோயாளிகளைச் சாகவிடுவதாகிவிடும்.

இதற்கு விடை தேடித்தான் 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய முயற்சி அது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் அதற்குத் தலைமை ஏற்றார். நகரின் நெரிசலான ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவு ஓராண்டு சானடோரியத்தில் தங்கியது. மற்றது வீட்டிலேயே இருந்தது. ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும் இரு பிரிவுக்கும் ஒன்றே.

மற்ற எல்லாவற்றிலும் மலைக்கும் மடுவுக்குமான இடைவெளி. சானடோரியத்தில் படுக்கை ஓய்வு, செவிலியர் கவனிப்பு, வேளைக்கு நல்ல சாப்பாடு. வீட்டிலிருந்தவர்களுக்கு ஒற்றை அறையில் முழுக் குடும்பம், அரைகுறைச் சாப்பாடு, பலருக்கு அன்றாட உழைப்பு. அவர்கள் வாரம் ஒருமுறை மையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போனார்கள். உண்மையாகவே அதைச் சாப்பிடுகிறார்களா என்று பார்க்க, சுகாதாரப் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மிச்சமிருக்கும் மருந்தை எண்ணினார்கள். மருந்தின் சுவடு இருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். பின்னாளில் உலகமெங்கும் பரவிய ‘நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை’யின் வேர் இந்த வீட்டு வருகைகளில் இருக்கிறது.

முடிவுகள் 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தன. ஓராண்டு முடிவில் சானடோரியப் பிரிவில் 92 சதவீதத்தினரிடமும் வீட்டுப் பிரிவில் 86 சதவீதத்தினரிடமும் நோய் அடங்கியிருந்தது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை கூடுதலாக ஏறியது, ஆனால் அது நோய் குணமாவதில் பெரிய வேறுபாட்டைத் தரவில்லை. ஐந்தாண்டுத் தொடர் கவனிப்பின் முடிவில் இரு பிரிவிலும் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் நலமாக இருந்தனர். வீட்டில் உள்ளவர்களுக்குத் தொற்றும் என்ற அச்சமும் பொய்த்தது. குடும்பத்தாருக்குத் தொற்று பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே நேர்ந்துவிடுகிறது, மருந்து தொடங்கியபின் நோயாளி வீட்டில் இருப்பதால் ஆபத்து கூடுவதில்லை என்று தெரிந்தது. அந்த ஒரு முடிவு எத்தனையோ தாய்மார்களைப் பிள்ளைகளிடமிருந்து பிரியாமல் காத்திருக்கிறது.

1962இல் வகுக்கப்பட்ட இந்தியாவின் தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையையே அடித்தளமாகக் கொண்டது. 1959இல் நிறுவப்பட்ட பெங்களூரு தேசியக் காசநோய் நிறுவனம் அதற்கான களப்பணியைச் செய்தது. தும்கூர் மாவட்டத்தில் ஆய்வாளர்கள் பானர்ஜியும் ஆண்டர்சனும் செய்த ஆய்வு 1963இல் வெளியானது. நோய்க்குறி உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தாங்களாகவே மருத்துவ நிலையங்களுக்குப் போயிருந்தார்கள், அங்கே இருமல் மருந்து கொடுத்து அனுப்பப்பட்டிருந்தார்கள் என்று அது காட்டியது. கிராமத்து மக்களின் அறியாமைமேல் பழி போட்டுவந்தவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் இருக்க முடியாது.

இந்தியாவின் காசநோய்ப் பணியில் 1950களில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஈடுபட்டிருந்த டென்மார்க் மருத்துவர் ஹாஃப்டன் மாலர், 1973இல் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநரானார். அவர் காலத்தில்தான், 1978 செப்டம்பரில், சோவியத் கஜகஸ்தானின் அல்மா அட்டாவில் 134 அரசுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பே எல்லோருக்கும் நலம் தரும் வழி என்று அறிவித்தார்கள். உணவு, குடிநீர், கழிவகற்றல் யாவும் சுகாதாரத்தின் பகுதியே என்றது அந்தப் பிரகடனம். அதன் பரப்பே அதற்கு எதிரான வாதமுமாயிற்று. செலவு குறைந்த சில தலையீடுகளை மட்டும் தேர்ந்து செய்தால் போதும் என்ற கருத்து மறு ஆண்டே எழுந்து, 1980களில் கடன் சுமையில் தவித்த நாடுகளில் மேலோங்கியது.

காசநோய்க் கொள்கையும் அந்த வழியே போனது. ரிஃபாம்பிசின் என்ற மருந்து சேர்ந்த குறுகிய காலச் சிகிச்சையை மருத்துவர் கரேல் ஸ்டைப்லோ தான்சானியாவில் ஒரு தேசியத் திட்டமாக நடத்திக் காட்டினார். உலக வங்கியின் 1993ஆம் ஆண்டு அறிக்கை, செலவுக்கு மிகுந்த பயன் தரும் சிகிச்சைகளில் இதையும் ஒன்றாக எண்ணியது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் காசநோயை உலகளாவிய அவசரநிலை என அறிவித்தது. தொடர்ந்து வந்த, நேரடிக் கண்காணிப்பில் குறுகிய காலச் சிகிச்சை தரும் ‘டாட்ஸ்’ முறையை இந்தியா 1997 முதல் விரிவாக்கி, 2006இல் நாடு முழுவதும் கொண்டுசேர்த்தது. மருந்து தவறாமல் கிடைத்ததால் பெருந்திரளான உயிர்கள் பிழைத்தன. அதை யாரும் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் சென்னை ஆய்வை உலகம் பாதிதான் படித்தது. மருந்து சரியாகக் கிடைத்தால் ஏழை வீட்டிலும் நோய் குணமாகும் என்பதே அந்த ஆய்வின் முடிவு. வறுமையும் பசியும் பொருட்டல்ல என்று அதை நீட்டிப் பொருள் கொண்டது பின்வந்தவர்களின் பிழை. நோய் வந்தபின் குணமாவது வேறு, நோய் வராமல் இருப்பது வேறு. இரண்டாவதற்கு உணவும் இடவசதியும் எவ்வளவு தேவை என்பதை அந்த ஆய்வு கேட்கவே இல்லை.

காசநோய்க் கொள்கையில் அந்தக் கேள்வி எழ அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 2014இல் ஏற்கப்பட்ட காசநோய் ஒழிப்பு உத்தி, எந்தக் குடும்பமும் நோயின் செலவால் நொடிந்துபோகக் கூடாது என்பதை ஓர் இலக்காக வைத்தது. 2015இல் ஐக்கிய நாடுகள் ஏற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகளில் மூன்றாவது, 2030க்குள் இந்தக் கொள்ளைநோயை முடிவுக்குக் கொண்டுவரச் சொல்கிறது. வறுமையும் பட்டினியும் அதே பட்டியலின் முதல் இரண்டு இலக்குகள்.

ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு ஒன்று 2023இல் வெளியானது. சேத்துப்பட்டு மையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் பங்கேற்றது. நோயாளியின் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, சத்து மாத்திரைகள் கொடுத்தபோது, அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டறியப்பட்டவுடன் உயரம், எடை, காலில் வீக்கம், துணையின்றி நிற்க முடிகிறதா என்பதையெல்லாம் பார்த்து, கடுமையாக மெலிந்தவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். சிகிச்சை பெறுவோருக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவி வழங்கிவந்த மத்திய அரசு, 2024 நவம்பரில் அதை 1,000 ரூபாயாக்கி, உணவுப் பொருள் உதவியை நோயாளியின் வீட்டாருக்கும் விரிவுபடுத்தியது.