வானத்துக் கூரை: ஊகம் உண்மையான நாள்

1901 டிசம்பர் 12 அன்று இங்கிலாந்தின் போல்டூவிலிருந்து அனுப்பிய மூன்று புள்ளிகள், அதாவது மோர்ஸ் தந்தியின் ‘எஸ்’ எழுத்து, அட்லாண்டிக்கைத் தாண்டி நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். வானொலி அலைகளைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலத்தின் கதையை அங்கிருந்து தொடங்குவது வழக்கம். ஆனால் அந்த மண்டலம் நிரூபணமான ஆண்டு 1924 என்பதே சரி. மார்க்கோனிக்குச் சாட்சி அவருடைய காதும் உதவியாளர் கெம்ப்பின் காதும்தான், தாளில் பதிவில்லை. நேரமும் நண்பகல். இரண்டு மாதம் கழித்து ‘ஃபிலடெல்ஃபியா’ கப்பலில் அவரே சோதித்தபோது, இரவில் 3,300 கி.மீ.க்கு மேல் எட்டிய சமிக்ஞை பகலில் சுமார் 1,100 கி.மீ.யோடு தேய்ந்துபோனது. அப்படியிருக்க, அன்றைய பகலில் அவர் கேட்டது எது என்ற சந்தேகம் இன்றும் தீரவில்லை.

வானில் அலையைத் திருப்பும் அடுக்கு இருக்க வேண்டும் என்று 1902-லேயே ஆய்வாளர்கள் கென்னெலியும் ஹெவிசைடும் தனித்தனியாகச் சொல்லிவிட்டார்களே, கென்னெலி சுமார் 80 கி.மீ. என்று உயரமே குறித்தாரே என்று கேட்கலாம். அந்த எண், அடர்த்தி குறைந்த காற்று மின்சாரத்தைக் கடத்தும் என்ற ஆய்வுக்கூட முடிவிலிருந்து ஊகித்தது. மேலே போய்த் திரும்பிய எந்த அலையையும் அளந்து பெற்றதல்ல. பூமியின் வளைவை ஒட்டி அலை தானாகவே வளைந்து போயிருக்கலாம் என்ற மாற்று விளக்கமும் அப்போது உயிரோடு இருந்தது. அந்த வளைவு போதாது என்று 1918-இல் கணிதவியலாளர் வாட்சன் கணக்குப் போட்டுக் காட்டினார். தரைவழி போதாது என்பதுதான் அதில் உறுதியானது. மேலே இருப்பது என்ன, எவ்வளவு உயரத்தில் என்பதற்கு அதில் விடையில்லை.

விடை 1924 டிசம்பரில் கிடைத்தது. போர்ன்மத் பிபிசி நிலையத்தின் அன்றைய நிகழ்ச்சிகள் முடிந்த பின், அதன் அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றச் சொல்லிவிட்டு, ஆக்ஸ்ஃபோர்டில் இயற்பியலாளர்கள் ஆப்பிள்டனும் பார்னெட்டும் கருவியைக் கவனித்தார்கள். தரையோடு வந்த அலையும் வானில் திரும்பி வந்த அலையும் ஒருசமயம் சேர்ந்து வலுத்தன, மறுசமயம் ஒன்றையொன்று அழித்தன. எத்தனை முறை வலுத்து ஓய்ந்தது என்று எண்ணியதில் இரு பாதைகளுக்குமான தூர வித்தியாசம் வந்தது; அதிலிருந்து உயரம் சுமார் 90 கி.மீ. என்று தெரிந்தது. இரண்டாவது அலை பக்கவாட்டில் எதிலோ பட்டுத் திரும்பியிருக்கக் கூடாதா? அது மேலிருந்து சாய்வாக இறங்குவதை அவர்களே அளந்து காட்டினார்கள். 1925-இல் அமெரிக்காவில் இயற்பியலாளர்கள் பிரைட்டும் டியூவும் குறுந்துடிப்புகளை மேலே அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அளந்தார்கள். முறை வேறு, முடிவு ஒன்றே: அலை மேலிருந்துதான் திரும்புகிறது.

ஊகித்தவர்களின் மதிப்பு இதனால் குறையாது. ஆனால் அவர்கள் தந்தது ஒரே ஒரு கூரை. அளக்கத் தொடங்கியதால்தான் அதற்கும் மேலே, 200 கி.மீ.க்கு அப்பால், இன்னோர் அடுக்கு இருப்பதை ஆப்பிள்டன் அடுத்த சில ஆண்டுகளில் கண்டார். 1947-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் மேல்வளிமண்டல ஆய்வுக்காக, குறிப்பாக இந்த அடுக்கைக் கண்டதற்காகத்தான்.