பழைய மொரிஸ் மைனரில் ஒயில் கசிகிறதா? வீட்டிலேயே பார்க்கலாம்

ஒலுவில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தபோது, கீழே மூன்று கறுப்புத் துளிகள் கிடந்தன. வாப்பா விட்டுச்சென்ற மொரிஸ் மைனர் 1000 அது. கராஜ் ஒன்றில் காட்டினேன். எஞ்சினை இறக்க வேண்டும் என்றார்கள். கேட்ட காசு என் இரண்டு மாத வருமானம். 2020 இலிருந்து ஏறத்தாழ ஐந்தாண்டுகள் தனியார் வாகன இறக்குமதி நின்றிருந்த நாட்டில், இருக்கிற காரைக் கைவிடவும் முடியாது. வீட்டு முற்றத்தில் நானே பார்த்தேன். பழுது ஒரு தக்கைக் கஸ்கட்டில்தான் இருந்தது.

கசியும் இடத்தைக் கண்டுபிடித்தல்

துளி விழும் இடம் கசியும் இடமல்ல. ஒயில் மேலிருந்து வழியும். ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். எஞ்சின் ஆறியதும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். முகப்பவுடர் தூவி, வெளியான இடத்தில் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். நனைந்த தடத்தின் உச்சிதான் கசிவிடம்.

வழக்கமான இடங்கள் நான்கு: மேலே வால்வு மூடி, பக்கத்தில் இரண்டு தப்பெட் மூடிகள், முன்னால் டைமிங் மூடியின் சீல், அடியில் சம்ப். எதையும் கழற்றுமுன் எஞ்சினின் சுவாசக் குழாயைப் பாருங்கள். அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, புதுக் கஸ்கட்டையும் ஒயில் தாண்டும்.

வால்வு மூடி

இரண்டு நட்டுகளைக் கழற்றினால் மூடி வந்துவிடும். பழைய தக்கையைச் சுரண்டும்போது துகள் உள்ளே விழக்கூடாது. மூடியைக் கண்ணாடித் துண்டின்மேல் வைத்து, விளிம்பு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். புதுக் கஸ்கட்டை மூடிப் பக்கம் மட்டும் ஒட்டுங்கள். நட்டுகளை மாறி மாறி, ரப்பர் அமுங்கும் வரை மட்டும் இறுக்குங்கள். அதற்குமேல் இறுக்கினால் தக்கை பிளக்கும், மூடி வளையும்.

அடியில் வேலை செய்தால் ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள். உறுதியான தாங்கி வையுங்கள்.

கியர்பொக்ஸ் முன்கூட்டின் அடித் துவாரத்தில் ஒயில் சொட்டினால், அது பின்பக்கக் கசிவு. அதற்குத்தான் எஞ்சினை இறக்க வேண்டும். அதுவரை வாராவாரம் ஒயில் அளவுக் கோலைப் பாருங்கள்.

மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் கார் ஓட்டியதைப் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். எரியாத மண்ணெண்ணெய் சம்புக்குள் இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும். நீர்த்த ஒயில் எந்தச் சிறு இடைவெளியிலும் வெளியேறும், தேய்மானத்தையும் கூட்டும். அப்படி ஓடிய எஞ்சின் உங்களிடம் இருந்தால், கஸ்கட் மாற்றியும் கசிவு நிற்காமல் போகலாம். பிஸ்டன் வளையங்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கழிவு ஒயில்

மணலில் ஊற்றாதீர்கள், எங்கள் கரையில் கிணறுகள் ஆழமில்லாதவை. கானில் அடைத்து, கழிவு ஒயில் எடுப்பவர்களிடம் கொடுங்கள். 2013 இல் திறந்த துறைமுகத்தின் வாயை மணல் மூடியது, பக்கத்துக் கரையைக் கடல் அரித்தது. அவற்றை நிறுத்த எங்களால் முடியவில்லை. கிணற்றைக் காப்பது எங்கள் கையில் இருக்கிறது.