கர்னல் யங் போட்ட சாலை

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வந்த நண்பர்கள் பலரும் கவனித்திருப்பீர்கள். நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனால் ஒரு ராணுவ வீரரின் பெயர் தாங்கிய பலகை வரும். இன்னும் கொஞ்ச தூரம் போனால் இன்னொரு பெயர். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிற காரிலிருந்து அந்தப் பெயரைப் படித்து முடிப்பதே கஷ்டம். யார் அவர், என்ன செய்தார் என்று கேட்பவர்கள் அதைவிடக் குறைவு. நான் நெடுஞ்சாலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் சாலையோரப் பலகைகள் மேல் எனக்கு ஒரு கண் உண்டு. அவற்றில் ஒன்றின் கதையை இன்று சொல்கிறேன்.

முதலில் இந்த வழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம். அங்கே சாலையையே ராணுவத்தினருக்கு நினைவுச்சின்னம் ஆக்குவதில் பெரிய முயற்சி ஒன்று 1944-ல் நியூ ஜெர்சியில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் இன்னும் முடியாத நேரம். அந்த மாநிலத்துத் தோட்டக் கழகப் பெண்கள் 22-ம் எண் நெடுஞ்சாலையில் மவுண்டன்சைடு முதல் நார்த் ப்ளெயின்ஃபீல்டு வரை சுமார் ஐந்தரை மைல் தூரத்துக்கு ஏறக்குறைய 8,000 டாக்வுட் மரங்களை நட்டார்கள். பளிங்குத் தூண் எழுப்புவதைவிட உயிருள்ள மரம் வைப்பது மேல் என்பது அவர்கள் எண்ணம். அதற்கு நீல நட்சத்திரச் சாலை என்று பெயர். அந்தக் காலத்தில் மகனோ மகளோ ராணுவத்தில் இருந்தால், வீட்டு ஜன்னலில் நீல நட்சத்திரம் போட்ட சிறு கொடியைத் தொங்க விடுவார்கள். பிள்ளை போரில் இறந்துவிட்டால் நீலம் பொன்னிறமாகும். அடுத்த வருடமே, 1945-ல், இந்தத் திட்டம் நாடு முழுவதற்குமானது. இன்றும் பல மாநிலங்களில் நீல நட்சத்திரப் பலகைகளைப் பார்க்கலாம்.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று. அந்த மரங்களை நட்டபோது, யாருக்காக நட்டார்களோ அவர்களில் பெரும்பாலோர் போர்முனையில் உயிரோடு இருந்தார்கள். திரும்பி வந்து அந்தச் சாலையில் போகும்போது தங்களுக்காக நட்ட மரங்களை அவர்கள் பார்க்க முடிந்தது. எல்லாருக்கும் அந்தக் கொடுப்பினை வாய்ப்பதில்லை.

இனி சார்லஸ் யங் கதைக்கு வருகிறேன். கலிஃபோர்னியாவில் 198-ம் எண் சாலை த்ரீ ரிவர்ஸ் என்ற சிற்றூரைத் தாண்டி செக்கோயா தேசியப் பூங்காவின் வாசலில் போய் முடிகிறது. அதன் கடைசிப் பகுதிக்குச் சமீப வருடங்களில் கர்னல் சார்லஸ் யங் நினைவு நெடுஞ்சாலை என்று பெயர் வைத்தார்கள்.

யங் 1864-ல் கென்டக்கியில் அடிமைக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் தகப்பனார் அடிமைத்தளையிலிருந்து தப்பி, உள்நாட்டுப் போரில் கறுப்பின பீரங்கிப் படையில் சேர்ந்தவர். மகன் 1889-ல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் படித்து முடித்தார். அங்கே படித்து முடித்த மூன்றாவது கறுப்பர் அவர். நான்காமவர் வர 1936 வரை, அதாவது 47 வருடம் ஆயிற்று. இதிலிருந்தே அவர் கடந்து வந்த பாதையை ஊகிக்கலாம்.

தேசியப் பூங்காக்களை இன்று கவனிக்கும் துறை 1916-ல்தான் பிறந்தது. அதற்கு முன்னால் யெல்லோஸ்டோன், யோசெமிட்டி, செக்கோயா ஆகிய பூங்காக்களுக்குக் காவல் ராணுவம்தான். மரம் வெட்டுகிறவர்களையும் வேட்டைக்காரர்களையும் தடுப்பது, ஆட்டு மந்தைகளை வெளியேற்றுவது, காட்டுத் தீயை அணைப்பது, பாதை போடுவது என்று எல்லாம் குதிரைப் படையின் வேலை. 1899, 1903, 1904 ஆகிய வருடங்களில் கலிஃபோர்னியா மலைப் பூங்காக்களுக்குப் போன படைகளில் கறுப்பின வீரர்களின் படையும் உண்டு. எருமை வீரர்கள் என்று பெயர் பெற்றவர்கள் இவர்கள்.

1903 கோடையில் கேப்டன் யங் ஒன்பதாவது குதிரைப் படையின் வீரர்களோடு சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து 16 நாள் குதிரையில் பயணம் செய்து செக்கோயா வந்து சேர்ந்தார். பூங்காவின் பொறுப்பு முழுவதும் அவரிடம். ஒரு தேசியப் பூங்காவுக்குக் கறுப்பர் ஒருவர் தலைமை ஏற்றது அதுவே முதல் முறை.

அங்கே ஒரு வேலை அரைகுறையாகக் கிடந்தது. ராட்சத மரங்கள் நிற்கும் ஜெயண்ட் ஃபாரஸ்ட் பகுதிக்கு வண்டிப்பாதை இல்லை. 1886-ல் கவீயா என்ற கூட்டுறவுக் குடியிருப்புக்காரர்கள் மரம் கொண்டுவர ஒரு பாதை வெட்டத் தொடங்கி, பூங்கா அறிவிப்பு வந்ததும் 1890-களின் தொடக்கத்தில் கைவிட்டுப் போயிருந்தார்கள். 1900-லிருந்து அரசு பணம் ஒதுக்கியும் மூன்று கோடைகளில் வேலை ஆமை வேகத்தில்தான் நடந்தது. அந்த மூன்று கோடைகளில் போட்ட அளவு பாதையை யங்கின் ஆட்கள் ஒரே கோடையில் போட்டு முடித்தார்கள். ஆகஸ்ட் நடுவில் முதல் முறையாகக் குதிரை வண்டிகள் ஜெயண்ட் ஃபாரஸ்ட் வரை ஏறின. மலையில் பாறையைக் குடைந்து, வண்டி ஏறக்கூடிய சரிவு பார்த்து, மழைத் தண்ணீர் வடிய வழி விட்டு ஒரு மைல் சாலை போடுவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். அதுவும் வெடிமருந்தும் கடப்பாரையும் மட்டும் இருந்த காலம். பின்னர் 1926-ல் வேறு வழியாகப் புதிய மலைச்சாலை வரும் வரைக்கும் மக்கள் அந்தப் பாதையில்தான் மரங்களைப் பார்க்கப் போனார்கள்.

வேலை முடிந்த சந்தோஷத்தில் உள்ளூர்க்காரர்கள் ஒரு ராட்சத மரத்துக்கு யங்கின் பெயரை வைக்க விரும்பினார்கள். அவர் மறுத்தார். கறுப்பின மக்களின் கல்விக்குப் பாடுபட்ட புக்கர் டி. வாஷிங்டனின் பெயரை வைக்கச் சொன்னார். தன் பெயரை வைக்கும் எண்ணம் இருபது வருடம் கழித்தும் உங்களுக்கு இருந்தால் அப்போது பார்க்கலாம் என்றாராம்.

இருபது வருடம் ஆவதற்குள் என்ன நடந்தது? 1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. யங் அப்போது கர்னல் பதவியை எட்டியிருந்தார், அடுத்தது ஜெனரல்தான். ஒரு கறுப்பு அதிகாரியின் கீழ் வேலை செய்யப் பிடிக்காத வெள்ளை அதிகாரிகளின் புகார்கள் மேலிடம் வரை போயின. மருத்துவப் பரிசோதனையில் இரத்த அழுத்தம் அதிகம் என்று சொல்லி அவரைக் கட்டாய ஓய்வில் அனுப்பிவிட்டார்கள். 54 வயது மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தன் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று காட்டுவதற்காக 1918 ஜூனில் ஒஹையோவிலுள்ள தன் வீட்டிலிருந்து தலைநகர் வாஷிங்டன் வரை 497 மைல், ஏறக்குறைய 800 கிலோமீட்டர், குதிரையில் போனார். அவரைத் திரும்ப வேலையில் சேர்த்தது நவம்பர் 6-ம் தேதி. போர் முடிந்தது 11-ம் தேதி.

1922 ஜனவரியில் பணியில் இருந்தபோதே நைஜீரியாவின் லாகோஸில் இறந்தார். 2004-ல் செக்கோயாவில் ஒரு மரத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அவர் கேட்ட இருபது வருடம் நூற்றொன்று ஆகிவிட்டது. 2022 ஏப்ரலில், அவர் இறந்து நூறு வருடம் கழித்து, வெஸ்ட் பாயிண்டில் விழா நடத்தி அவருக்கு பிரிகேடியர் ஜெனரல் பதவியை வழங்கினார்கள்.

அவர் பெயர் தாங்கிய சாலை முடிகிற இடத்தில்தான் பூங்காவின் கட்டணச் சாவடி இருக்கிறது. நாங்கள் போனபோது ஒரு காருக்கு 35 டாலர். எங்களுக்கு முன்னால் இருந்த காரின் பெரியவர் ஒரு அட்டையை நீட்டினார். காவலர் புன்னகையோடு போகச் சொன்னார். முன்னாள் ராணுவத்தினருக்கான அட்டை அது என்று மருமகன் சொன்னார். பணியில் இருப்பவர்களுக்கு 2012-லிருந்து இலவச வருட அட்டை உண்டு. ஓய்வு பெற்றவர்களுக்கும் போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்கும் 2020 நவம்பரில்தான் இலவச அனுமதி வந்தது. 2021 டிசம்பரில் அது வாழ்நாள் முழுவதற்குமான சட்டமாயிற்று. ஆப்கானிஸ்தானில் பணியாற்றித் திரும்பி, 2021-ல் டெத் வேலி பூங்காவுக்குப் போன இடத்தில் உயிரிழந்த அலெக்சாண்டர் லாஃப்கிரன் என்ற இளைஞரின் பெயர் அந்தச் சட்டத்துக்கு.

இதைச் சலுகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காட்டை வெட்டாமல் காத்ததும், அதற்குப் பாதை போட்டதும் அவர்கள் முன்னோர்தான். நம் பக்கத்திலும் பார்த்திருக்கிறேன். சாலை திறப்புக் கல்வெட்டில் திறந்து வைத்தவர் பெயர் பெரிதாக இருக்கும். வெயிலில் நின்று போட்டவர்கள் பெயர் ஒன்றுகூட இருக்காது. பலகையில் பெயர் வைப்பது நல்லதுதான். ஆனால் அந்தப் பலகையை யங் பார்க்கவில்லை. அந்தப் பெரியவரின் அட்டை அவர் கையில் இருக்கிறது. பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவர் உள்ளே போகிறார்.

அடுத்த முறை கலிஃபோர்னியாவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போனால், 198-ம் எண் சாலையில் அந்தப் பெயர்ப்பலகை வரும்போது காரைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதையையும் சொல்லுங்கள்.